ஓரம் வளர்ந்த போர்வை

மேலப்பாளையத்தில் ஆபிதா பீவியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முடித்த கல்யாணத்தில் பிரியாணி அடிப்பிடிக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே அவள்தான் என்று அவள் புருஷன் அசன் மைதீன் சொல்வார். இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஆபிதா பீவி விஷயத்தில் எதையும் முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது.

ஆளைப் பார்த்தால் அப்படித் தெரியாது. குள்ளம். மூக்குக் கண்ணாடியின் ஒரு பக்கத்துக் கை எப்போதோ உடைந்துபோனது. கறுப்பு நூலைச் சுருக்குப் போட்டுக் காதில் மாட்டியிருப்பாள். ஊசியை உதட்டில் கவ்விக்கொண்டே பேசுவாள். ஊசியும் விழாது, பேச்சும் நிற்காது. கைலி நெய்கிற தறிக்காரர் வீட்டுப் பெண். பள்ளிக்கூடத்துப் படிப்பு பாதியில் நின்றது. வாய் மட்டும் அன்றைக்குத் திறந்தது, இன்னும் மூடவில்லை.

கல்யாணமான மறு வருஷமே அசன் மைதீன் அரபு நாட்டிலுள்ள தம்மாமுக்கு விமானம் ஏறினார். போய்ச் சேர்ந்து முதல் தடவை போனில் பேசியபோது, "குளிருது ஆபிதா," என்றார். பாலைவனத்துக்குப் போன மனுஷன் குளிருது என்கிறாரே, காய்ச்சலோ, காத்துக் கருப்போ என்று அவள் தர்காவுக்கு நேர்ந்துகொண்டாள். பிறகுதான் விளங்கியது. அங்கே வெளியே வந்தால் அடுப்பு. உள்ளே போனால் ஐஸ் பெட்டி. ஒரே அறையில் ஒரு பட்டாளமே படுத்திருக்கும், ஏசியைக் குறைக்க யாருக்கும் உரிமை கிடையாது. ஆபிதா பீவி தன்னுடைய பழைய வாயில் பருத்திச் சேலைகளை எடுத்தாள். துவைத்துத் துவைத்துப் பூனைக்குட்டி வயிறு மாதிரி மெத்தென்று ஆகிப்போன சேலைகள். அவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக விரித்து, நடுவில் வாப்பா நெய்த கைலி இரண்டை வைத்து, ஓரம் மடித்து, நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்டாள். அந்தப் போர்வை தம்மாம் போய்ச் சேர்ந்த அன்று அறையிலிருந்த அத்தனை ஆண்களும் அதை முகர்ந்து பார்த்து அழுதார்களாம். அழுதது போர்வைக்காகவா, அவரவர் பெண்டாட்டிக்காகவா என்று அசன் மைதீன் விசாரிக்கவில்லை. அடுத்த மாதமே அந்த ஆண்களின் வீட்டுப் பெண்கள் பழஞ்சேலை மூட்டைகளோடு ஆபிதா பீவி வீட்டு மாடிப்படி ஏறிவிட்டார்கள். மாடித் தையல் தொடங்கியது அப்படித்தான்.

அந்த முதல் போர்வையை அனுப்பப் போன இடத்தில் கிடைத்தவள்தான் ஞானம்பாள்.

தபால் ஆபீசில் பார்சல் வாங்குகிற இடத்தில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் விபூதிக் கீற்று. முகத்தில் அரசாங்க முத்திரை. தராசில் மூட்டையை வைத்துப் பார்த்துவிட்டு, "எடை கூடுதலா இருக்கு. எடுத்துட்டுப் போங்க," என்றாள்.

"எம்புட்டுக் கூடுதல்?"

"ஒரு சேலைக் கனம் இருக்கும்."

ஆபிதா பீவி மறுபேச்சுப் பேசவில்லை. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்தாள். மூட்டையை அவிழ்த்தாள். பிளேடால் போர்வையின் ஒரு ஓரத்தைப் பிரித்து, உள்ளேயிருந்த சேலை ஒன்றை உருவ ஆரம்பித்துவிட்டாள். வரிசையில் நின்ற ஒரு பெரியவர் பென்ஷன் வாங்க வந்ததையே மறந்து போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாப்பாட்டு நேரம் வந்ததும் ஞானம்பாள் தயிர்சாத டப்பாவோடு வெளியே வந்தாள். டப்பாவைத் திறக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"அந்த முனையை இங்கன தாங்க. நீங்க ஒருத்தியாத் தைச்சா இன்னைக்குத் தபால் கட்டுல போகாது."

"உங்களுக்குத் தைக்கத் தெரியுமா?"

"தபால் பையி கிழிஞ்சா யாரு தைக்காங்கன்னு நெனைச்சீங்க?"

அன்று முதல் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள். வாரத்தில் ஒரு நாள் மத்தியானம் லுஹர் தொழுகை முடிந்து மாடியில் பெண்கள் கூடுவார்கள். ஞானம்பாள் டவுனிலிருந்து பஸ்ஸில் ஆற்றைத் தாண்டி வருவாள். ஆரம்பத்தில் பிளாஸ்கில் தன் வீட்டுக் காபியைக் கொண்டுவந்தாள். ஒரு நாள் பிளாஸ்கை மறந்துவிட்டு வந்தாள். ஆபிதா பீவி கொடுத்த தேநீரைக் குடித்துப் பார்த்து, "இதுல தேயிலை எங்க இருக்கு? சீனிப்பாகுல்லா இது," என்று திட்டினாள். அதற்குப் பிறகு பிளாஸ்க் வரவில்லை. திட்டு மட்டும் தவறாமல் வந்தது. ஞானம்பாளின் கணவர் காலமானபோது ஆபிதா பீவி டவுன் வீட்டுக்குப் போய் அவள் பக்கத்தில் அன்று முழுக்க உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. ஆபிதா பீவி வாயை மூடியிருந்தாள் என்பதைக் கேட்டு மேலப்பாளையத்தில் பாதிப் பேர் நம்பவில்லை. மீதிப் பேர் அவளுக்கு உடம்பு சரியில்லையோ என்று விசாரிக்க வந்தார்கள்.

மாடியில் போர்வை தைத்தார்கள் என்று சொன்னால் அது பாதிதான். அங்கே தையலைவிட யோசனைதான் அதிகம் விளைந்தது. மாமியார் தொல்லை, பிள்ளைக்கு மாந்தம், வாடகைக்கு வந்தவன் காலி செய்ய மறுப்பது, புருஷன் மூன்று நாளாகப் போன் பேசாதது, எல்லாம் போர்வைக்கு நடுவில் வந்து விழும். சுற்றி உட்கார்ந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் தைத்துக்கொண்டே வழி சொல்வார்கள்.

அதற்கு ஒரு சட்டமும் இருந்தது. சட்டம் பிறந்த கதை அழகானது. முன்பு ஒருத்தி, இன்னொருத்தியின் மகளுக்குப் பேசிய மாப்பிள்ளையைப் பற்றி, "அவன் குணம் சரியில்லை, வேண்டாம்," என்று அழுத்திச் சொன்னாள். இவளும் நம்பிச் சம்பந்தத்தைக் கைவிட்டாள். இரண்டே மாதத்தில், வேண்டாம் என்று சொன்னவளே அதே மாப்பிள்ளையைத் தன் மகளுக்கு முடித்துக்கொண்டாள். அந்தக் கல்யாணத்துப் பிரியாணி என்ன ஆனது என்பது ஊருக்கே தெரியும். அன்றைக்கு ஆபிதா பீவி மாடியின் நடுவில் நின்று சொன்னாள்: "இனிமே ஒருத்தி யோசனை கேட்டா, அதுல யாருக்காவது லாபமோ நட்டமோ இருந்தா, அவ ஊசியைக் கீழ வச்சிரணும். வாயைத் திறக்கக் கூடாது. ஊசி கையில இருக்கவ சொல்லுததுதான் யோசனை."

சட்டம் நின்றுவிட்டது. கேள்வி விழுந்ததும் ஒன்றிரண்டு ஊசிகள் கீழே வைக்கப்படும். வைத்தவர்கள் உம்மென்று இருப்பார்கள். மற்றவர்கள் பேசுவார்கள். ஊர்ப் பஞ்சாயத்தில்கூட இத்தனை ஒழுங்கு இல்லை என்று ஞானம்பாள் மெச்சுவாள்.

வருஷங்கள் ஓடின. அசன் மைதீன் வெளிநாட்டு வேலையை முடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். மகன் முஹ்சின் ஷார்ஜாவுக்குப் போனான். ஞானம்பாள் தபால் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றாள். மாடிக்கு வருகிறவர்கள் வந்தும் போயும் இருந்து, கடைசியில் தவறாமல் வருகிறவர்கள் நான்கு பேர் என்று ஆனது: ஆபிதா பீவி, ஞானம்பாள், பக்கத்துத் தெரு நஸீமா, கல்யாணமாகிப் புருஷனைத் துபாய்க்கு அனுப்பிவிட்டு முகத்தைத் தூக்கி வைத்திருந்த ஷம்ஸியா. நஸீமாவின் நாக்கு கத்தரிக்கோலைவிடக் கூர்மை. ஷம்ஸியா அழுவதற்குக் காரணம் தேடாதவள்.

போன ஆனி மாதத்தில் ஞானம்பாள் தன் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். தனி வீடு. எழுந்திருக்க முடியாமல் ஈரத்தரையில் கிடந்தவளைப் பால்காரர் வந்து கதவைத் தட்டிய பிறகுதான் தூக்கினார்கள். எலும்பு முறியவில்லை. ஆனால் கோயம்புத்தூரில் கல்லூரியில் வேலை பார்க்கும் மகள் விஜயஸ்ரீ பயந்துவிட்டாள். வீட்டைக் காலி செய்துவிட்டு என்னோடு வந்துவிடுங்கள் என்று ஒரே பிடிவாதம்.

ஞானம்பாள் அந்த விஷயத்தை மாடிக்குக் கொண்டுவந்தாள்.

"மக கூப்பிடுதா. போகவா வேண்டாமான்னு தெரியலை. சொல்லுங்க," என்றாள். எல்லோரையும் பார்த்துச் சொன்னாலும் கண் ஆபிதா பீவியின் மேல் இருந்தது.

ஆபிதா பீவியின் நெஞ்சுக்குள் ஏதோ ஒரு சேலை கிழிந்த மாதிரி இருந்தது. சட்டப்படி அவள் அப்போதே ஊசியைக் கீழே வைத்திருக்க வேண்டும். அவளைவிட நட்டப்படுகிறவர்கள் அந்த மாடியில் யார்? ஆனால் ஊசியை வைத்தால், போகாதே என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். பெற்ற மகள் கூப்பிடுகிறாள். நாளைக்கு மறுபடியும் விழுந்து ஏதாவது ஆகிவிட்டால்? என் ஆசைக்காக அவளை இங்கே பிடித்துவைத்தேன் என்று காலம் முழுக்கக் குத்துமே. அவள் ஊசியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"போயிரு ஞானம். மகளை விட வேற யாரு? இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றாள், தையலைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

மூத்தவள் ஊசியை வைக்கவில்லை என்றால் மற்றவர்கள் எப்படி வைப்பார்கள்? "ஆமா ஞானக்கா, போறதுதான் நல்லது," என்றாள் நஸீமா. ஷம்ஸியா தலையை ஆட்டினாள். தலையோடு சேர்ந்து கண்ணீரும் ஆடியது. ஆனால் அவள் கண்ணீரை மாடியில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஞானம்பாள் மடியில் கிடந்த நூலைக் கண்டில் சுற்றி முடித்தாள். பிறகு, "சரி. அப்பம் போயிருதேன்," என்றாள்.

ஊரைவிட்டுப் போகிறவர்களுக்கு மாடியிலிருந்து ஒரு போர்வை போக வேண்டும் என்பது வழக்கம். எல்லோரும் சேர்ந்து தைப்பார்கள். கடைசி முடிச்சைப் போகிறவர்தான் போட வேண்டும். அந்த முடிச்சு விழும்வரை பெட்டி கட்டக் கூடாது. அதன்படி ஞானம்பாளுக்கும் ஒரு போர்வை விரித்தார்கள். இப்போது அவசர வேலை என்பதால் தினமும் கூடினார்கள். கட்டிலுக்கு அளவான போர்வை. தைக்கத் தெரிந்த நான்கு பேர் உட்கார்ந்தால் பத்துப் பதினைந்து நாளில் முடிந்துவிடும்.

முடியவில்லை.

முதலில் ஆபிதா பீவிதான் தொடங்கினாள். நாலு பக்கமும் தைத்து முடிக்கிற நேரத்தில், "கோயம்புத்தூர் குளிருக்கு இது பத்தாது. சுத்தி ஒரு ஓரம் வைப்போம்," என்று தன் நீலச்சேலையைக் கொண்டுவந்தாள். நீல ஓரம் வைத்தார்கள். அது முடிகிற நேரத்தில் நஸீமா, "நீலம் மட்டும் நின்னா பார்வையா இல்லையே," என்று ஒரு மஞ்சள் சேலையை அவிழ்த்தாள். மஞ்சள் ஓரம் முடிந்தது. ஷம்ஸியா பேசாமல் தன் பைக்குள்ளிருந்து ரோஸ் நிறத் துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். ரோஸ் ஓரமும் ஏறியது. பிறகு திரும்பவும் ஆபிதா பீவியின் முறை வந்தது.

போர்வை மாடிக் கூடத்தை நிறைத்தது. பிறகு வாசற்படியைத் தாண்டியது. ஒரு நாள் அதை மொட்டைமாடியில் உதறிக் காயப்போட்டபோது பக்கத்து வீட்டுக்காரர் பகலிலேயே விளக்கைப் போட்டாராம். தெருவில் போனவர்கள் பந்தல் போட்டிருக்கிறது, யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்டார்கள். எதிர்வீட்டு ஆடு ஒன்று அதற்குள் நுழைந்துவிட்டு சாயங்காலம் அஸர் பாங்கு சொல்லும்வரை வெளியே வர வழி தெரியாமல் கத்தியது. ஆட்டின் குரல் மட்டும் போர்வையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போய்க்கொண்டிருந்ததாகச் சொல்கிறார்கள்.

அசன் மைதீன் மாடிக்கு வரக் கூடாது என்பதும் ஒரு சட்டம். அவர் படிக்கட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். அன்று சாப்பிடும்போது கேட்டார்.

"ஆபிதா, ஒண்ணு கேட்டாக் கோவிக்கக் கூடாது. மேல நீங்க தைக்கது போர்வையா, கப்பலுக்குப் பாயா?"

"உங்களுக்கு என்ன? சோத்தைத் தின்னுங்க."

"ஞானம்மா போறதுக்கா தைக்கீங்க, போகாம இருக்கதுக்கா?"

ஆபிதா பீவி குழம்புக் கரண்டியைச் சட்டியில் வைத்த சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்டது. அன்று இரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. முதல் ஓரத்தைத் தானே எடுத்து வைத்ததை நினைத்துப் பார்த்தாள். நஸீமாவும் ஷம்ஸியாவும் ஏன் மறுக்கவில்லை என்றும் நினைத்துப் பார்த்தாள்.

மறுநாள் மத்தியானம் ஞானம்பாள் வந்ததும் வராததுமாக, "இன்னைக்கு முடிச்சிரணும். ஞாயித்துக்கிழமை மக வண்டியோட வாரா," என்று உட்கார்ந்தாள். ஊசியில் நூல் கோத்தாள். கடைசி முடிச்சுப் போட வேண்டிய மூலையைத் தேடினாள். அந்தப் போர்வையில் மூலையைத் தேடுவதே பாதி ஜாமத்து வேலை. கடைசியில் அது நஸீமாவின் காலடியில் கிடைத்தது. நஸீமா அதன் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரி நஸீமா."

"இருங்கக்கா. ஒரு சின்ன ஓரம் மட்டும்..." நஸீமா பையிலிருந்து ஒரு சேலையை உருவினாள். அது அவளுடைய கல்யாணச் சேலை.

ஞானம்பாள் அந்தச் சேலையைப் பார்த்தாள். சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாத ஒரு முகம்.

"ஏளா, இதுக்கு மேல ஒரு ஓரம் வச்சா இது கோயம்புத்தூர் வரைக்கும் எட்டும். நான் அங்கன படுத்துக்கிட்டு இங்கனருந்து இழுத்துப் போத்திக்க வேண்டியதுதான். என்னதான்டி பண்ணுதீங்க எல்லாரும்?"

ஷம்ஸியா மூக்கை உறிஞ்சினாள்.

"சரி," என்றாள் ஞானம்பாள். குரல் மெலிந்துவிட்டது. "அன்னைக்குக் கேட்டதை இன்னொரு தடவை கேக்கேன். நான் போகவா, வேண்டாமா?"

ஆபிதா பீவி துணிக்குள் ஊசியைக் குத்தினாள். ஊசி மறுபக்கம் வரவில்லை. இன்னொரு தடவை குத்தினாள். விரலில் ஏறியது. விரலை வாயில் வைத்துக்கொண்டு ஞானம்பாளைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் எத்தனை பேருக்கு யோசனை சொல்லியிருக்கிறாள்.

அவள் ஊசியைக் கீழே வைத்தாள்.

ஞானம்பாள் அந்த ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் நஸீமாவின் ஊசியும் கீழே வந்தது. ஷம்ஸியா எப்போது வைத்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. அவள் கையில் ஊசியே இல்லை, ரோஸ் துணியால் முகத்தை மூடியிருந்தாள்.

யோசனை சொல்ல மாடியில் ஒரு ஊசிகூட மிச்சமில்லை.

"அன்னைக்கே கீழ வச்சிருக்கணும்," என்றாள் ஆபிதா பீவி. "நான் வைக்கலை. உன் மகளுக்கு முன்னால நான் யாருன்னு நெனைச்சேன். சட்டத்தைப் போட்டவளே சட்டத்தை மீறிட்டேன் ஞானம்."

"நீ போயிருன்னு சொன்னதும் நான் என்ன நெனைச்சேன் தெரியுமா?" ஞானம்பாளுக்கு மூச்சு வாங்கியது. "இவளுக்கே நான் பாரமாயிட்டேன் போலுக்குன்னு நெனைச்சேன். அதான் சரின்னேன். நீ ஊசியைக் கீழ வச்சிருந்தா நான் அன்னைக்கே மகள்கிட்ட மாட்டேன்னு சொல்லியிருப்பேன். பாவி மட்டை, எத்தனை நாளா என்னைய இப்படித் தூங்கவிடாமப் பண்ணியிருக்க!"

"உன்னைப் பாரம்னு நான் நெனைப்பனா? சீனி போட்ட தேத்தண்ணியக் குடிச்சு மூளை உருகிட்டா உனக்கு?"

"நீ போடுத சீனிக்கு உருகத்தான் செய்யும்."

அப்போது படிக்கட்டிலிருந்து அசன் மைதீனின் குரல் வந்தது. "நானும் ஒண்ணு சொல்லிக்கிடுதேன். என் கையில ஊசி இல்ல. இருந்தா நானும் கீழ வச்சிருப்பேன். ஞானம்மா போயிட்டா இந்த வீட்டுல எனக்காகப் பரிஞ்சு பேச யாரு இருக்கா?"

"நீங்க கீழ போங்க!" என்றார்கள் நான்கு பேரும் ஒரே குரலில்.

போவதா வேண்டாமா என்பது அதற்கு மேல் கேள்வியாக இல்லை. கேள்வி விஜயஸ்ரீயிடம் எப்படிச் சொல்வது என்பதுதான். ஞானம்பாள் அங்கேயே போன் செய்தாள். நான் வரவில்லை என்றாள். மகள் கத்தியது கூடம் முழுக்கக் கேட்டது. கோபத்தில் கத்தவில்லை, பயத்தில் கத்தினாள்.

"அம்மா, அங்கன தனியா விழுந்து கிடந்தீங்கம்மா. பால்காரர் வரலைன்னா என்ன ஆயிருக்கும்? நான் இங்க இருந்துக்கிட்டு எப்படி நிம்மதியா இருக்க?"

அந்தப் பயம் நியாயமானது. ஞானம்பாள் ஆபிதா பீவியைப் பார்த்தாள். ஆபிதா பீவி போனை வாங்கிக்கொண்டாள்.

"யம்மா விஜயா, நான் ஆபிதா மாமி பேசுதேன். நீ பயப்படுதது சரிதான். நான் ஒண்ணு சொல்லுதேன், கேக்கியா? நான் தினமும் விடியக்காலையில சுபுஹு தொழுகைக்கு எந்திரிக்கவ. தொழுது முடிச்ச கையோட உங்க அம்மைக்குப் போன் போடுவேன். அவ எடுத்து ஒரு வார்த்தை பேசணும். திட்டினாலும் சரிதான். எடுக்கலைன்னா உங்க மாமா வண்டியை எடுத்துட்டு அங்கன வந்து நிப்பாவ. ஆத்துப்பாலத்தைத் தாண்டினா டவுனு. ராத்திரியும் படுக்கப்போகும்போது ஒரு தடவை. மழையோ வெயிலோ, ஒரு நாளும் தப்பாது. நீ பொங்கல் வரைக்கும் பாரு. சரிப்படலைன்னா நானே உங்க அம்மையைக் கூட்டிட்டு வந்து உன் வீட்டுல விட்டுட்டுப் போறேன். அழுதுக்கிட்டேதான் விடுவேன். ஆனா விடுவேன்."

"பொங்கல் வரைக்கும்தான் மாமி," என்றாள் விஜயஸ்ரீ.

பெட்டி கட்ட வேண்டியதில்லை என்று ஆனதால் கடைசி முடிச்சும் விழவில்லை. போர்வையை மடிக்க முடியாமல் கூடத்திலேயே விட்டுவிட்டார்கள். நஸீமா தன் கல்யாணச் சேலையைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு, "நல்ல வேளை, பிழைச்சுது," என்றாள். எது பிழைத்தது என்று சொல்லவில்லை.

புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை எல்லாம் போனில் போயின. சுபுஹு முடிந்ததும் ஆபிதா பீவி போன் போடுவாள். அந்தப் பக்கம் ஞானம்பாள் எடுத்து, "இருக்கேன். வை," என்பாள். வைக்கமாட்டார்கள். முதல் நாள் வைத்த குழம்பிலிருந்து பேச்சுத் தொடங்கி, பால்காரர் வந்த பிறகுதான் முடியும்.

பிறகு ஒரு விடியலில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

ஆபிதா பீவி மறுபடியும் அடித்தாள். மறுபடியும். "என்னங்க! எந்திரிங்க! ஞானம் எடுக்கலை!" என்று போட்ட சத்தத்தில் அசன் மைதீன் மட்டுமில்லை, தெருவே எழுந்தது. அவர் கைலியோடு, பனியனுக்கு மேல் தம்மாமில் வாங்கிய ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார். ஆபிதா பீவி பின்னால் ஏறிக்கொண்டு அங்கிருந்தே நஸீமாவுக்குப் போன் போட்டாள். ஷம்ஸியாவுக்குப் போட்டாள். பதற்றத்தில் கோயம்புத்தூருக்கும் போட்டுவிட்டாள். நஸீமா ஆட்டோக்கார மாரிசெல்வத்தைப் படுக்கையிலிருந்து எழுப்பி இழுத்துவந்தாள். தாமிரபரணியில் பனி புகை மாதிரி எழும்பிக்கொண்டிருந்தது. பாலத்தின் மேல் அந்த வண்டி போன வேகத்தை ஆபிதா பீவி இன்றைக்கும் சொல்கிறாள். அது பறந்ததாம். பாலம் கீழே தங்கிவிட்டதாம்.

டவுன் வீட்டில் கதவு பூட்டியிருந்தது. உள்ளிருந்து பூட்டினாலும் வெளியிலிருந்து பூட்டினாலும் ஒன்றுபோலத் தெரிகிற பூட்டு. உள்ளே போன் மணி அடிப்பது ஜன்னல் வழியாகக் கேட்டது. ஆபிதா பீவி கதவைத் தட்டினாள், குத்தினாள், பேர் சொல்லிக் கத்தினாள். அக்கம்பக்கத்து ஜன்னல்கள் திறந்தன. ஆட்டோ வந்து நின்றது. ஷம்ஸியா இறங்கும்போதே அழுதாள். இன்றைக்கு அவள் அழுகையை எல்லோரும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்.

"பின்பக்கமா ஏறிப் பாக்கேன்," என்று அசன் மைதீன் காம்பவுண்டுச் சுவரில் ஏறினார். பாதி ஏறியதும் கைலி ஒரு கம்பியில் மாட்டிக்கொண்டது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை.

"யாருவே அது, என் வீட்டுச் சுவத்துல ஏறுதது?"

தெருமுனையில் ஞானம்பாள் வந்துகொண்டிருந்தாள். தலையில் ஈரம், நெற்றியில் புதுவிபூதி, கையில் வாழையிலைப் பொட்டலம். அன்றைக்கு மார்கழி முதல் நாள். விடியுமுன் கோயிலுக்குப் போயிருக்கிறாள். போனை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.

ஆபிதா பீவி ஓடிப்போய் அவள் தோளில் ஓர் அடி அடித்தாள். பிறகு அதே தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"கோயிலுக்குப் போறேன்னு நேத்தே ஒரு வார்த்தை சொன்னா உன் வாய் தேஞ்சா போவும்? உசுரே போயிட்டு எனக்கு."

"மார்கழி பொறந்தா நான் கோயிலுக்குப் போவேன்னு உனக்குத் தெரியாதா? இத்தனை வருஷமாப் பழகி என்னத்தைக் கண்ட நீ?"

"முப்பது மார்கழி பார்த்தாச்சு. காலையில போன் போடுத மார்கழி இதுதான முதல்ல!"

ஞானம்பாள் தெருவைப் பார்த்தாள். ஸ்கூட்டர், ஆட்டோ, தூக்கக் கலக்கத்தில் மாரிசெல்வம், ஒற்றைச் செருப்போடு நஸீமா, ஷம்ஸியாவின் வீங்கிய முகம். கதவைத் திறந்து உள்ளே போனாள். இன்னும் அடித்துக்கொண்டிருந்த போனை எடுத்தாள். விஜயஸ்ரீ.

"ஒண்ணும் இல்லம்மா. கோயிலுக்குப் போயிருந்தேன். அழாத. இங்கன வாசல்ல நிக்கவங்களைப் பார்த்தா நீ சிரிச்சிருவ. நான் விழவே இல்ல, அதுக்கே இத்தனை பேரு வந்து நிக்காவ. விழுந்திருந்தா மேலப்பாளையமே காலியாகி வந்திருக்கும். என்னது? ஆமா, ஆபிதா மாமி இங்கனதான் நிக்கா. என்னைய அடிச்சுட்டா. வலிக்குது."

அந்தப் பக்கம் விஜயஸ்ரீ அழுகையும் சிரிப்புமாக ஏதோ சொன்னாள். ஞானம்பாள் கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு ஆபிதா பீவியிடம் திரும்பினாள்.

"பொங்கலுக்கு அவளே இங்கன வாராளாம். என்னைக் கூட்டிட்டுப் போறதுக்கு இல்ல. பொங்கல் வைக்கதுக்கு."

ஆபிதா பீவி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஞானம்பாள் அடுக்களைக்குப் போய்ப் பாலை அடுப்பில் வைத்தாள். எல்லோருக்கும் காபி. நஸீமா டம்ளர்களை எடுத்துக் கழுவினாள். ஷம்ஸியா மூக்கைத் துடைத்துக்கொண்டு, தனக்குச் சீனி கூடுதலாக வேண்டும் என்றாள். மாரிசெல்வம் தனக்குச் சீனியே வேண்டாம் என்றார். பால் பொங்கியது.

"ஏளா ஆபிதா," என்று வெளியே சுவரின் மேலிருந்து பரிதாபமாக ஒரு குரல் வந்தது. கோபம் வந்தால்தான் அசன் மைதீன் அப்படிக் கூப்பிடுவார். "காபியை அப்புறம் குடிக்கலாம். முதல்ல யாராவது வந்து என் கைலியைக் கம்பியிலருந்து எடுத்துவிடுங்க."